சி டிரைவ் சிவப்பாயிடுச்சா?

'திஸ் பிசி'யைத் திறந்ததும் சி டிரைவுக்குக் கீழே இருக்கிற நீலக் கோடு சிவப்பாகிப் பல்லைக் காட்டுதா? பத்து சதவிகிதத்துக்கும் கீழே இடம் போயிடுச்சுன்னு அர்த்தம். வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளை நீங்கதான்னா, கேஸ் நேரா உங்ககிட்டதான் வரும். "எதையாவது அழிச்சு இடம் பண்ணு"ன்னு அப்பா சொல்லிட்டுப் போயிடுவார். நீங்களும் அவசரத்தில் கண்ணில் படுற முதல் பெரிய ஃபோல்டரைப் பிடிப்பீங்க. பெரும்பாலும் அது போட்டோ ஃபோல்டர்.

ஸ்டாப்! மவுஸ்ல இருந்து கையை எடுங்க பாஸ்.

அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இது போனா மறுபடி கிடைக்குமா?' கேம், சினிமா, லேப் சாஃப்ட்வேர் எல்லாம் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்ன வீடியோ எந்த சைட்டிலும் கிடைக்காது. தமாஷ் என்னன்னா, இடத்தை அதிகமா அடைக்கிறதும் திரும்பக் கிடைக்கிற சமாசாரங்கள்தான்.

சின்னக் கணக்கு ஒண்ணு. 'ஹைபர்ஃபில்'னு ஒரு ஃபைல் சி டிரைவில் ஒளிஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் 'ஹைபர்னேட்' ஆகும்போது ராம்ல இருக்கிறதை எழுதி வைக்கிற இடம். வழக்கமா ராம் அளவில் 40 சதவிகிதம். 8 ஜிபி ராம்னா சுமார் 3.2 ஜிபி. ஒரு போட்டோ 4 எம்பின்னு வச்சாலும், அந்த ஒரே ஃபைல் 800 போட்டோவை முழுங்குது! வீட்டு டெஸ்க்டாப்பை யாரும் ஹைபர்னேட் பண்றதில்லைன்னா அதுக்கு எதுக்கு வாடகை இல்லாம இடம்? கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க. 'பவர்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையோட சி, எஃப், ஜி மூணு எழுத்தையும் ஒட்டி அடிங்க. இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஹெச். மறுபடி இடைவெளி, 'ஆஃப்', என்டர். ஃபைல் காணாமப் போயிடும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பும் சேர்ந்து போகும், ஆன் ஆக கொஞ்சம் லேட்டாகலாம். வேணும்னா 'ஆஃப்'க்குப் பதிலா 'ஆன்' அடிச்சுத் திரும்ப வாங்கிக்கலாம்.

அடுத்த ஆசாமி 'விண்டோஸ் டாட் ஓல்டு'. விண்டோஸ் 10-ல இருந்து 11-க்கு மாறினீங்களா? பழைய விண்டோஸ் முழுசா இந்தப் பேரில் கிடக்கும், பல ஜிபி இருக்கும். பத்து நாளில் தானா போயிடும், அவசரம்னா நாமளே தூக்கலாம். ஆனா தூக்கிட்டா பழசுக்குத் திரும்ப முடியாது. புது விண்டோஸ்ல பிரின்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துட்டுத் தூக்குங்க.

எங்கே போய்த் தூக்கறது? செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அதில் 'டெம்பரரி ஃபைல்ஸ்'. இங்கேதான் கண்ணி இருக்கு. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' பேரும் சாதுவா உட்கார்ந்திருக்கும். எல்லாத்துக்கும் டிக் அடிக்கிற வேகத்தில் அதுக்கும் அடிச்சீங்கன்னா, தங்கச்சியோட ஹால் டிக்கெட், அப்பா இறக்கி வச்ச ஆதார் பிடிஎஃப் எல்லாம் அம்பேல். உள்ளே போய் ஒரு தடவை பார்க்காம அந்த டிக் வேணாம்.

'வின்எஸ்எக்ஸ்எஸ்'னு ஒரு ஃபோல்டர் மலை மாதிரி தெரியும். அதைக் கையால் அழிக்கவே கூடாது. ஒரே ஃபைலையே பல இடத்தில் கணக்குக் காட்டுறதால உண்மையான சைஸைவிடப் பெருசா தெரியுது, அவ்ளோதான். அழிச்சா விண்டோஸே படுத்துரும்.

இப்ப நம்ம பக்கம் வருவோமா? வீட்டு கம்ப்யூட்டரில் பெரிய குற்றவாளி யாருன்னு தேடினா நாமதான் மாட்டுவோம். 'விண்டிர்ஸ்டாட்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எந்த ஃபைல் எவ்வளவு இடம்னு கலர் கலரா கட்டம் போட்டுக் காட்டும். போன செமஸ்டர் லேபுக்காகப் போட்ட ஆண்ட்ராய்டு எமுலேட்டர், விர்ச்சுவல்பாக்ஸ்ல ஏத்தின லினக்ஸ் எல்லாம் பூதம் மாதிரி நிற்கும். விர்ச்சுவல் டிஸ்க்ல ஒரு குறும்பு உண்டு: உள்ளே ஃபைல் சேரச் சேர வளரும், உள்ளே அழிச்சா தானா சுருங்காது. லேப் முடிஞ்சுதுன்னா புரோகிராமை மட்டும் காப்பி எடுத்துட்டு மொத்த மெஷினையும் ரிமூவ் பண்ணுங்க.

போட்டோவை ஜிப் பண்ணி இடம் மிச்சம் பிடிக்கலாம்னு ஐடியா இருந்தா விட்டுடுங்க. ஜேபெக், எம்பி4 எல்லாம் ஏற்கெனவே சுருக்கினதுதான், பிழிஞ்ச துணியை மறுபடி பிழிஞ்ச கதை. 'ஒன்டிரைவ்லதான் இருக்கே, இங்கே அழிச்சா என்ன?'ன்னும் கேட்காதீங்க. அந்த ஃபோல்டரில் டெலிட் கொடுத்தா அங்கேயும் டெலிட் ஆகும். கொஞ்ச நாள் அங்கே ரீசைக்கிள் பின்ல இருக்கும், அப்புறம் போயே போச்சு. இடம் மட்டும் வேணும்னா ரைட் கிளிக் பண்ணி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்க. இங்கே பேர் மட்டும் நிற்கும், நெட் இருந்தா திறக்கும்.

'ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கே, பார்த்துக்கலாம்'ங்கிற தைரியம் பழைய ஹார்டு டிஸ்க் காலத்தோடது. அதில் அழிச்ச ஃபைல் மேல புதுசா எதுவும் எழுதுற வரைக்கும் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் 'ட்ரிம்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. நீங்க அழிச்ச இடத்தை, 'இது இனி தேவையில்லை'ன்னு விண்டோஸே டிஸ்க்குக்குச் சொல்லிடும். அதுவும் சமர்த்தா துடைச்சு வச்சுக்கும். அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் பெருசா உதவாது.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரோட டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபைல்களையே அழிச்சு, மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. அழியறதுக்கு நம்ம கை மட்டும்தான் காரணமா இருக்கணும்னு இல்லை.

அதனால, இவ்வளவு பண்ணியும் இடம் பத்தலைன்னா, போட்டோக்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாத்துங்க. 'கட்' வேணாம், 'காப்பி'. முடிஞ்சதும் அந்த டிஸ்க்கை வேற கம்ப்யூட்டரில் சொருகி, நாலஞ்சு போட்டோ, ரெண்டு வீடியோ ஓட்டிப் பாருங்க. இன்னொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ ரெண்டாவது காப்பியும் ஏறின பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அவங்க 'ம்' சொன்னப்புறம் டெலிட் கீயைத் தொடலாம்.