உப்பும் சர்க்கரையும் 140 ஆண்டுகளும்

மருத்துவ வரலாற்றை நாம் பெரும்பாலும் தனி மனிதர்களின் கதைகளாகவே படித்து வந்திருக்கிறோம். ஜென்னர் அம்மைப்பால் வைத்தார். பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டார். பிளெமிங் பூஞ்சணத்திலே பெனிசிலினைக் கண்டார். ஒருவர் கண்டார், உலகம் பிழைத்தது என்று பாடப்புத்தகம் கதையை முடித்துவிடுகிறது. கண்டபின் என்ன நடந்தது, அடுத்தவர் அதைக் காதில் வாங்கினாரா, வாங்கியபின் செய்து பார்த்தாரா என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக, நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் கல்கத்தா நகரத்தோடு பிணைந்த ஒரு நோயின் கதையை எடுத்துக்கொள்கிறேன். நம் பாட்டிமார் வாந்திபேதி என்று அஞ்சிச் சொன்ன காலராவின் கதை அது.

1831-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா பரவியது. ஓஷானஸி என்ற இளம் டாக்டர், வயது இருபத்திரண்டு, நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்புக்களும் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். இழந்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எழுதினார். மறு ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்பவர் அதைச் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு முதியவளின் நாளத்தில் உப்புநீரைச் செலுத்தினார். அரைமணி நேரத்தில் அவள் தெளிவடைந்தாள். லாட்டா அவளை வேறொரு டாக்டரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி மீண்டும் தொடங்கியது, உப்புநீரோ தொடரவில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள்.

அவளுக்கு நேர்ந்ததே அந்தச் சிகிச்சைக்கும் நேர்ந்தது. டாக்டர்கள் அதைக் கைவிட்டு, இரத்தம் எடுப்பதையும் பேதிக்குக் கொடுப்பதையும் தொடர்ந்தார்கள். ஏற்கெனவே உடலில் நீர் வற்றியவனிடமிருந்து மேலும் இரத்தத்தை எடுத்தார்கள்! எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப்பின், இதே கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் மீண்டும் உப்புநீரைக் கையில் எடுத்து மரணங்களைப் பெரிதும் குறைத்தார். ஓஷானஸியும் பின்னாளில் இந்த நகரத்துக்கே வந்தார். இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்தார். ஆனால் இந்நாட்டில் தந்திக் கம்பி இழுத்தவர் என்றுதான் நம் வரலாறு அவரை அதிகம் நினைக்கிறது.

அடுத்து நோயின் காரணத்தைப் பார்ப்போம். 1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும் கருதினார். அந்த நஞ்சைப் பலர் தேடினார்கள், அகப்படவில்லை. 75 ஆண்டுகள் கழித்து, 1959-இல் அதைக் காட்டியவர் சம்புநாத் டே. நாம் பழைய புத்தகங்களுக்காக அலைகிறோமே, அதே காலேஜ் தெருவிலுள்ள மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டினார். கிருமிகளை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய திரவத்தை மட்டும் அதனுள் செலுத்தினார். கிருமியே இல்லாதபோதும் அந்தக் குடல் துண்டு நீரால் நிரம்பி உப்பியது. குடலிலிருந்து நீரை வெளியேற்றும் நஞ்சு ஒன்று உண்டு என்பது அதனால் விளங்கிற்று.

நூலும் முயலும் வடிகட்டியும் எந்த ஆராய்ச்சிசாலைக்கும் எட்டாத பொருள்கள் அல்ல. அந்தக் கட்டுரை ‘நேச்சர்’ என்ற உலகப் புகழ் பெற்ற பத்திரிகையில் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற லெடர்பெர்க், டேயின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் ஸ்வீடனில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். ஆனால் 1985-இல் அவர் மறையும்வரை, இந்திய விஞ்ஞானக் கழகங்களில் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

சிகிச்சையின் கதை இதைவிட வருத்தம் தருவது. 1953-இல் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கல்கத்தா டாக்டர், 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதாக லண்டனின் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளியின் சாற்றையும் அவர் பயன்படுத்திப் பார்த்தார். ஊசி இல்லாமல், குழாய் இல்லாமல், குடித்தே பிழைக்கலாம் என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஆயினும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சாட்டர்ஜி ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை வைத்துக்கொள்ளவில்லை. உடலுக்குள் எவ்வளவு நீர் போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கும் தரவில்லை. குடல் ஏன் அந்த நீரை ஏற்கிறது என்பதும் அப்போது தெரியாது. குளுகோஸ் குடற்சுவரைக் கடக்கும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது என்று ராபர்ட் கிரேன் விளக்கியது 1960-இல்தான். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. காலரா நஞ்சு இந்த வழியை அடைப்பதில்லை. எனவே, ‘இவர் சொல்வதற்கு ஆதாரம் போதாது’ என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் தவறில்லை. ஆனால், ஆதாரம் போதாது என்றால் ஒரு விஞ்ஞானி செய்யவேண்டியது என்ன? தானே செய்து பார்ப்பதா, ஏட்டை மூடி வைப்பதா? மூடி வைத்தார்கள் என்பதே என் குறை.

1968-இல் டாக்காவில் நாலின், காஷ் என்ற இரு இளம் அமெரிக்க டாக்டர்கள் முறையாகக் கணக்கெடுத்து, குடிநீர்ச் சிகிச்சை பலிக்கும் என்று காட்டினார்கள். 1971-இல் போர் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா மூண்டது. அங்கிருந்த சிறு மருத்துவமனையில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவு செய்தார். 22 கிராம் குளுகோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டச் செய்தார். ஒரு லிட்டர் நீரில் அதைக் கரைத்து நோயாளியின் தாயிடமும் தமக்கையிடமும் கொடுத்து, ‘குடிக்கக் குடிக்கக் கொடுங்கள்’ என்றார். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. அதற்குமுன் நூற்றுக்கு முப்பது பேர் வீதம் இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

1831-இல் தொடங்கிய எண்ணம், 1971-இல்தான் ஓர் ஏழைத் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது. இந்த 140 ஆண்டுகளில் உப்பு இல்லாமல் இருந்ததா? சர்க்கரை இல்லாமல் இருந்ததா? குடல் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு இடையில் வளரவேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் 1832-க்குப் பின் போன எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளும், 1953-க்குப் பின் போன ஆண்டுகளும் அறிவுக் குறையால் மட்டும் போனவை அல்ல. செவிக் குறையால் போனவை. இதற்கிடையில் மாண்டவர்களுக்கு யார் கணக்கு எழுதுவது?

இது பழங்கதையும் அல்ல. சென்ற மழைக்காலத்தில் நம் விடுதியில் சிலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அவர்களில் ஒருவர், விஞ்ஞானம் படிப்பவர்தான், உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, “சர்க்கரைத் தண்ணீரெல்லாம் ஒரு வைத்தியமா? பாட்டில் ஏற்றினால்தான் தேறும்” என்றார். மயங்கிக் கிடப்பவருக்கும் குடிக்க இயலாதவருக்கும் பாட்டில் அவசியமே. நடந்து போய் டீ வாங்கிக் குடிக்கும் நிலையில் இருப்பவருக்கு ஏன்? பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அளவு மட்டும் தவறக்கூடாது. உப்பு மிகுந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து. இதை ஊருக்குப் போகும்போது ஒவ்வொருவரும் நான்கு வீட்டில் சொல்லலாம்.

இந்தக் கதையைச் சொன்னால் நம்மிடையே இருவகைப் பேச்சு எழுவதைப் பார்க்கிறேன். ‘கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாளே என் பாட்டி, அவளுக்குத் தெரியாததா?’ என்பது ஒன்று. பாட்டி செய்தது நல்லதே; கஞ்சியிலுள்ள மாவும் குடலில் குளுகோஸாகத்தான் மாறுகிறது. ஆனால் அளவும் காரணமும் தெரிந்தபின்தானே அது முகாமுக்கு முகாம், நாட்டுக்கு நாடு போயிற்று? ‘இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது, கடல் கடந்தால்தான் உண்டு’ என்பது மற்றொன்று. அப்படிப் பேசுகிறவர்கள் டேயின் நூலையும் முயலையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். முதல் பேச்சுக்குச் சோதனை வேண்டியதில்லை. இரண்டாவதற்குப் பக்கத்து அறையை எட்டிப் பார்க்கவேண்டியதில்லை. இரண்டும் சோம்பலுக்கே இடம் கொடுக்கின்றன.

நம் சங்கம் பொங்கல் கொண்டாடுகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, நாடகம் போடுகிறது. இவற்றோடு மாதம் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்கிறேன். இந்த நகரத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியை நம்மில் ஒருவர் எடுத்துக்கொண்டு, தமிழில், இலக்கியம் படிப்பவருக்கும் விளங்கும்படி சொல்லட்டும். மற்றவர்கள் விடாமல் கேள்வி கேட்கட்டும். அரைகுறையாக நிற்கும் முடிவையும் கூச்சமின்றிச் சொல்ல அங்கே இடம் இருக்கட்டும். அதைக் கேட்டு நகைக்காமல், செய்து பார்க்க முன்வருபவர் ஒருவராவது இருக்கட்டும். முதல் மாதம் சம்புநாத் டேயைப் பற்றிப் பேச நான் தயார். இரண்டாம் மாதத்துக்கு யார் வருகிறீர்கள்?