"செட்டிங்ஸ்ல கை வைக்காதீங்க" என்றால் போதுமா?

சீபேப் மெஷினை ஊரில் எல்லோரும் "குறட்டை மெஷின்" என்கிறார்கள். குறட்டைக்காக யாரும் இவ்வளவு காசு செலவழிப்பதில்லை. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் எப்னியாவுக்குத்தான் அது. காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. 1981இல் சிட்னியில் டொக்டர் கொலின் சலிவனும் அவரோடு இருந்தவர்களும் இதை முதலில் செய்து காட்டினார்கள்.

எங்கள் வாப்பா இதைப் பாவிக்கிறார். கொண்டுவந்து தந்தவர் பத்து நிமிஷத்தில் பொருத்திவிட்டு, "செட்டிங்ஸ்ல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வசனத்தில் பாதி சரி. மற்றப் பாதியால்தான், எனக்குத் தெரிந்தே இரண்டு வீடுகளில் மெஷின் அலுமாரிக்குள் கிடக்கிறது.

சரியான பாதி, அழுத்தம். மெஷின்களில் அது 4 முதல் 20 வரை இருக்கும். அதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். குறைத்தால் தொண்டை மறுபடி அடைபடும். கூட்டினால் காற்று வயிற்றுக்குள் போய் ஊதும், மாஸ்க்கால் கசியும். சிலருக்கு, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்செடுக்கச் சொல்லாமல் விடும் வேறு வகைத் தடங்கலும் வரலாம். "பக்கத்து வீட்டு மாமாவுக்கு 12, நாங்களும் 12 வைப்போமா?" என்று கேட்பது, அவருடைய கண்ணாடியை வாங்கிப் போடுவது மாதிரி.

ஆனால் ஈரப்பதம், மாஸ்க்கின் இறுக்கம், மெதுவாகத் தொடங்கும் ரேம்ப் ஆகியவை நோயாளியின் வசதிக்காகவே உள்ளவை. அவற்றையும் தொடாதே என்றால் யார் தொடுவது?

எங்களுடைய வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டுத் திரும்பப் படுக்கிறோம். "இன்னும் ஒரு மணித்தியாலம்தானே" என்று மாஸ்க்கைப் போடாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். கனவுத் தூக்கம் அதிகம் வருவது இரவின் கடைசிப் பகுதியில்தான், பலருக்கு மூச்சு மோசமாகத் தடைப்படுவதும் அந்த நேரத்தில்தான். மாஸ்க்கைப் போட்டாலும், ரேம்ப் 45 நிமிஷத்தில் இருந்தால் அந்த ஒரு மணித்தியாலத்தில் பெரும்பகுதி குறைந்த அழுத்தத்திலேயே போய்விடும். அதை 5 நிமிஷத்துக்குக் குறைப்பது அநேகமான மெஷின்களில் நோயாளியே செய்யக்கூடிய வேலை. நோன்பு காலத்தில் ஸஹருக்குப் பிறகும் இதே கதைதான். இதை எந்தக் கம்பெனிக்காரர் உங்களுக்குச் சொன்னார்?

மாஸ்க் கசிந்தால் எல்லோரும் பட்டியை இறுக்குகிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஓரத்து ரப்பர் நசுங்கி இன்னும் கசியும், மூக்கில் புண்ணும் வரும். மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையிலேயே சரிசெய்ய வேண்டும். தாடி வைத்தவர்களுக்கு வாயையும் மூடும் பெரிய மாஸ்க் கசிவது சாதாரணம். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க் சரிவருமா என்று கேட்டுப் பாருங்கள். இரவில் குழாய்க்குள் தண்ணீர் தேங்கினால் ஈரப்பதத்தைக் குறையுங்கள், மூக்கு காய்ந்தால் கூட்டுங்கள். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் கிணற்றுத் தண்ணீர் அங்கேயும் அதையே செய்யும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலம் ஞாபகமிருக்கும். பெற்றரியில் ஓட்டும்போது சூடாக்கியை நிறுத்தினால் நேரம் நன்றாக நீளும்.

காலையில் திரையைப் பாருங்கள். பாவித்த நேரம், கசிவு, ஏ.எச்.ஐ. என மூன்று விஷயங்கள் இருக்கும். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்ற கணக்கு. அது 5க்குக் கீழே இருப்பது நல்லது. கசிவைச் சரிசெய்த பிறகும் நாள்கணக்கில் அதற்கு மேலேயே நின்றால், எழுதி வைத்த இலக்கங்களோடு கிளினிக்குக்குப் போங்கள். "சரிவருதில்ல டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் காசைக் கொடுக்க முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தமிழில் ஒரு தாளில் எழுதித் தருவார்களா? ஒரு வாரம் கழித்து வந்து இலக்கங்களைப் பார்ப்பார்களா? இல்லை என்றால் வேறு இடத்தில் விசாரியுங்கள்.