அச்சு எழுதிய கோடு

நின்ற வண்டியைப் பார்த்து ஓடும் வண்டியின் நோயைக் கூறிவிட முடியுமா? என் மாணவன் ஒருவன் கேட்ட இக்கேள்வி எனக்கு ஒரு பெருஞ்செலவை மிச்சப்படுத்தியது. அதனினும் மேலாக ஒரு நல்ல பாடத்தையும் கற்பித்தது.

எங்கள் வீட்டில் பழைய மொறிஸ் மைனர் வண்டியொன்று உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. இலங்கை வீதிகளில் இன்றும் இதனைக் காணலாம். இதன் முன் சக்கரங்களை முறுக்குக் கோல்கள் தாங்குகின்றன. பின் அச்சையோ, அந்நாளைய வில்வண்டியிற் போலவே, ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய எஃகுத் தகட்டு விற்கள் தாங்குகின்றன. எனினும் வில் மட்டும் போதாது. பள்ளத்தில் விழுந்தெழுந்த வண்டி வில்லின்மேல் நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். எண்ணெயைச் சிறு துவாரத்தினூடே செலுத்தி, அவ்வாட்டத்தின் சக்தியை வெப்பமாக்கி அடக்குவது, சாரதிமார் 'ஷொக் அப்சோபர்' என்று கூறும் கருவியேயாம்.

வயது முதிர்ந்த அன்னையாரைக் கொழும்பிலே கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. ஆனால் பின்னாசனத்தில் மூவர் அமர்ந்தால், கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் நிற்கும் கடுகண்ணாவை இறக்கத்தில், வண்டியின் பின்புறம் 'டொக்' என்று இடிக்கும். வளைவுகளில் உடல் ஆடும். கராஜ்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வில் இரண்டும் செத்துவிட்டன ஐயா, புதியன போடவேண்டும்" என்றார்.

அப்பொழுதுதான் மாணவன் அக்கேள்வியைக் கேட்டான். நாங்களே சோதனை செய்யத் துணிந்தோம். சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பென்சிலைக் கட்டினோம். பென்சில் முனை தொடுமாறு வண்டியின் உடலில் அட்டையைப் பொருத்தினோம். ஓடும்போது அச்சு ஏறி இறங்கும் அளவைப் பென்சில் தானே எழுதிவிடுமன்றோ? அச்சு முட்டுமிடத்திலுள்ள றப்பர்த் துண்டின்மீது சிறிது களிமண்ணையும் ஒட்டினோம்.

மூவரைப் பின்னால் ஏற்றிப் பேராதனை வரை சென்று மீண்டோம். இடப்பக்கக் கோடு வலப்பக்கக் கோட்டிலும் மிக நீண்டிருந்தது. இடப்பக்கக் களிமண் மட்டும் நசுங்கியிருந்தது. "இடது வில்லே பழுது" என்று நான் தீர்ப்புக் கூற முற்பட்டேன். மாணவன் விடவில்லை. "நாம் வீதியின் இடப்புறமாகவே ஓடுகிறோம், ஐயா. சிதைந்த ஓரத்தில் விழுவது இடது சக்கரம் அல்லவா?" என்றான்.

நியாயமான மறுப்பு! ஆதலால் மைதானத்திலே நீண்ட பலகையொன்றை இட்டு, இரு பின் சக்கரங்களும் ஒருசேர ஏறி இறங்குமாறு ஓட்டினோம். அப்பொழுதும் இடப்பக்கக் கோடே நீண்டது. பின்பு அதே மூவரை இருத்தியபடி வண்டியை நிறுத்தி, இருபுற உயரத்தையும் அளந்தோம். சமமாகவே இருந்தது.

நிற்கும்போது பாரத்தைத் தாங்குவது வில். ஓடும்போது ஆட்டத்தை அடக்குவது எண்ணெய்க் கருவி. உயரம் சமமாயிருக்க, அசைவு மட்டும் வேறுபடுமாயின் குற்றம் வில்லின்பாலதன்று. இடப்பக்கக் கருவியைக் கழற்றினால், எண்ணெய் முழுவதும் கசிந்து போயிருந்தது. கசிவைச் சீர்செய்து எண்ணெய் நிரப்பியபின், பலகைமீது மீண்டும் ஓட்டினோம். கோடுகள் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. அன்னையாரும் இடியின்றிக் கொழும்பு சென்று திரும்பினார்.

மாணவர்களே, இதனை நீங்கள் செய்வதாயின் பெரியோர் துணையுடன் செய்யுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையாதீர். ஓடும் வண்டியிலிருந்து எட்டிப் பாராதீர். சிறிய கமெராவொன்றை இறுகப் பொருத்தியும் இன்று இவ்வசைவைக் காணலாம். கருவி எதுவாயினும் முறை ஒன்றே. நோயின் காரணத்தை அறிந்த பின்பே மருத்துவம் செய்க என்றார் வள்ளுவர். கராஜ்காரர் ஒருமுறை அவசரப்பட்டார். கற்பிக்கும் நானும் ஒருமுறை அவசரப்பட்டேன். அவசரப்படாதவன் கேள்வி கேட்ட மாணவன் ஒருவனே.