பழுது பார்ப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும்

வாங்கிச் சில மாதங்களே ஆன கார் ஒன்று, அதே கோளாறுக்காக நான்காவது முறை சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. வாரண்டி இருப்பதால் உதிரி பாகத்துக்கும் கூலிக்கும் பணம் கேட்பதில்லை. ஆனால், வண்டி அங்கே நிற்கும் நாட்களுக்கும் சேர்த்தே வங்கி மாதத் தவணையை எடுத்துக்கொள்கிறது. ‘இனி இந்த வண்டியே வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று உரிமையாளர் கேட்டால், சட்டம் அவருக்குத் துணை நிற்குமா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்-2019இன் 39ஆவது பிரிவைப் படித்தால், நிற்கும் என்றுதான் தோன்றும். குறையை நீக்கச் சொல்லலாம், வேறு பொருள் தரச் சொல்லலாம், வட்டியோடு விலையைத் திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம் என்று நுகர்வோர் ஆணையத்துக்கு அது விரிவான அதிகாரம் தருகிறது. அது சொல்லாமல் விட்டது ஒன்றைத்தான்: எத்தனை முறை பழுது பார்த்த பிறகு பணத்தைத் திருப்பித் தர வேண்டும்? இந்த எல்லையைச் சட்டம் வகுக்காதவரை, கார் வாங்கியவருக்கு மற்ற உரிமைகளெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதே சட்டம் ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் தாராளமானது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். ஆனால், காரையே மாற்றித் தரக் கேட்கும் வழக்குகளில், ‘உற்பத்திக் குறைபாடு’ என்ற குறுகலான வாசல் வழியாகவே வாங்கியவர் நுழைய வேண்டியிருக்கிறது; அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையது. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரும் உறுதிமொழிதானே தவிர காரையே மாற்றித் தரும் உறுதிமொழி அல்ல என்று கூறி, புதிய கார் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. சில ஆண்டுகள் கழித்து ஃபியட் நிறுவனத்தின் மீதான வழக்கில், சுயேச்சையான நிபுணர் ஒருவர் உற்பத்திக் குறைபாடு இருப்பதாகச் சொன்னால் விலையோடு ஆயுட்கால வரியையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்றது அதே நீதிமன்றம். பின்னது வாங்கியவருக்குச் சாதகமான தீர்ப்பு; சாலை வரியும் இழப்புதான் என்று ஏற்றுக்கொண்டது முக்கியமானது. ஆனால், இதிலும் எல்லாம் நிபுணரின் ஒரு சொல்லைச் சார்ந்தே நிற்கிறது.

அந்தச் சொல்லைப் பெறுவது எளிதல்ல. சோதனை தேவைப்படும் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களில் அறிக்கை பெற 38ஆவது பிரிவு வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரையே கட்டச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கலப்பட எண்ணெயைச் சோதிக்க இந்த முறை போதும். மலை ஏறும்போது மட்டும் திணறும் இன்ஜினையும், மழை நாளில் மட்டும் எரியும் எச்சரிக்கை விளக்கையும் ஒரே நாள் ஆய்வில் பிடித்துவிட முடியுமா? இன்றைய கார் பாதி இயந்திரம், பாதி மென்பொருள். எந்தப் பிழை எப்போது பதிவானது என்ற விவரம் வண்டியின் கணினியில் இருக்கிறது. அதைப் படிக்கும் கருவியும் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் இருக்கிறார்கள். எதுவும் தெரியாத தரப்பு மெய்ப்பிக்க வேண்டும், எல்லாம் தெரிந்த தரப்பு மறுத்தால் போதும் என்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

இந்தச் சிக்கலை வேறு சில நாடுகள் எப்போதோ தீர்த்துவிட்டன. ஓயாமல் பழுதாகும் காரை அமெரிக்கர்கள் ‘லெமன்’ என்பார்கள். அந்தப் பெயரிலேயே அழைக்கப்படும் சட்டத்தை 1982இல் முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட் மாநிலம். கலிஃபோர்னியாவில், முதல் 18 மாதங்களுக்குள் அல்லது 18,000 மைல்களுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை பழுது பார்த்தும் தீரவில்லை என்றாலோ, உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டு முறை பார்த்தும் தீரவில்லை என்றாலோ, மொத்தம் 30 நாட்களுக்கு மேல் வண்டி பட்டறையில் கிடந்தாலோ, நிறுவனத்துக்குப் போதிய வாய்ப்பு தரப்பட்டுவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கிறது. சிங்கப்பூரில் 2012 முதல், பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, பெறும்போதே இருந்ததாகக் கருதப்படுகிறது. இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். இவை முடிந்த முடிவுகள் அல்ல, மறுக்கக்கூடிய அனுமானங்கள். நிறுவனத்தின் வாயை யாரும் அடைக்கவில்லை. முதலில் பேச வேண்டியவர் யார் என்பதைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

சரியாக ஓட்டத் தெரியாதவர்களும், வாங்கிய பின் மனம் மாறியவர்களும் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று நிறுவனங்கள் சொல்லலாம். நிறுவனத்தின் சொந்த ஜாப் கார்டில் நான்கு முறை பதிவான கோளாறு மனமாற்றத்தால் வருவதில்லை. ஓட்டியவரின் தவறு என்றால், அதைக் காட்டும் தரவு அவர்கள் கையில்தான் இருக்கிறது, காட்டட்டும். ஓராண்டு ஓட்டிய வண்டிக்கு முழு விலை எப்படி என்பது இன்னும் வலுவான கேள்வி. ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும் கணக்கைக் கலிஃபோர்னியா சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது, நாமும் எழுதலாம். ஒரு பாகம் கெட்டால் அதை மாற்றினால் போதாதா என்பதும் ஒருமுறைக்குச் சரி. மாற்றிய பாகமும் அதே இடத்தில் கெட்டால், கோளாறு அந்தப் பாகத்துக்கு வெளியே இருக்கிறது என்றுதான் எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

இருக்கும் மற்ற சட்டங்கள் போதும் என்பவர்கள் அவற்றின் எல்லையைக் கவனிக்க வேண்டும். 2019 சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பொருள்சார் பொறுப்பு அத்தியாயம், குறையுள்ள பொருளுக்கே நேரும் சேதத்தைத் தன் வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அரசு உத்தரவிடும் திரும்பப்பெறுதல், பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு தரும் குறைகளுக்கானது. ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றை லெமனுக்கு இரண்டிலும் இடமில்லை.

சட்டம் மாறும்வரை ஆவணம்தான் துணை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை என்றால், குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கும் அங்கே கட்டணம் 1,000 ரூபாய்தான். டீலரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு கேட்டு வாங்க வேண்டும். வண்டியை விட்ட நாளும் எடுத்த நாளும் அதில் இருக்க வேண்டும். ‘பொதுச் சோதனை’ என்று எழுதினால் ஏற்காமல், கோளாறை நம் சொற்களிலேயே எழுதச் சொல்ல வேண்டும். ‘சரிசெய்யப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து கேட்கும்போது சத்தம் இன்னும் வருகிறது என்றால், ‘சத்தம் இன்னும் வருகிறது’ என்று தமிழிலேயே எழுதி, தேதி போட்டு, அதன் பிறகு கையெழுத்திட வேண்டும்.