குளுக்கோமா: களாகத்ரின் மீது பழி போடாதீர்கள்

"வயசு போனா கண் மங்கும்தானே. எல்லாம் களாகத்ர்."

குளுக்கோமாவால் பார்வை போனவர்களின் வீடுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. களாகத்ரை நாங்களும் நம்புகிறோம். மருந்தும் அதே களாகத்ரில் உள்ளதுதான். கிளினிக்கில் தந்த மருந்துப் போத்தலை அலுமாரியில் வைத்துவிட்டு, போன கண்ணுக்கு விதியைக் காட்டுவதைத்தான் எங்களால் ஏற்க முடியாது.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். பெரும்பாலானோருக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. பார்வை ஓரத்திலிருந்து குறையும். கரும்பலகையை ஓரங்களிலிருந்து அழித்து வந்தாலும் நடுவிலுள்ள எழுத்தை வாசிக்கலாம்தானே? அப்படித்தான், பத்திரிகை வாசிப்பவர் "என்ட கண் நல்லம்" என்பார். நரம்பில் பெரும் பகுதி போயிருக்கும். கற்றரக்ட் போல ஒபரேஷன் செய்து அதை மீட்க முடியாது.

யாருக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம்? 40 வயதைத் தாண்டியவர்கள். வாப்பா, உம்மா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இது இருப்பவர்கள். கூடிய மைனஸ் கண்ணாடி போடுபவர்கள். கண்ணில் பலமாக அடிபட்டவர்கள். ஸ்டீரொயிட் மருந்தை நீண்ட காலம் பாவிப்பவர்கள். இந்தக் கடைசி விடயம் எங்கள் வகுப்பறைக்குள்ளும் வருகிறது. கண் கடிக்கிறது என்று கசக்கும் பிள்ளைக்கு, டொக்டரின் துண்டு இல்லாமல் பார்மசியில் வாங்கிய ஸ்டீரொயிட் துளியை மாதக்கணக்கில் விடுகிறார்கள். கடி நிற்கும், அழுத்தம் ஏறும். பத்து வயதுப் பிள்ளைக்கும் குளுக்கோமா வரும் வழி இது.

நோய் வந்த எல்லோரும் பார்வையை இழப்பதில்லை. இழப்பவர்களில் அதிகமானோர் பிந்தி வந்தவர்கள், முதல் நாளிலேயே நரம்பு பெருமளவு பழுதாகி இருந்தவர்கள். அடுத்து, அழுத்தம் கட்டுப்பாட்டுக்கு வராதவர்கள், துளியை ஒரு நாள் போட்டு நாலு நாள் விடுபவர்கள், கிளினிக் திகதியைத் தவற விடுபவர்கள்.

"மருந்து போட்டும் பார்வை கூடல்லியே" என்று நிறுத்துகிறார்கள். அந்தத் துளி பார்வையைக் கூட்டத் தரப்படுவதல்ல, இருப்பதைக் காக்கத் தரப்படுவது. பிரஷர் குளிசையை நிறுத்தாதவர் இதை மட்டும் ஏன் நிறுத்துகிறார்?

"நோன்பு முறியும்" என்று ரமழானில் ஒரு மாதம் நிறுத்துகிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கண் துளி நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. எங்கள் ஷாபிஈ மத்ஹபிலும் கண்ணில் சுருமா இடுவதால் நோன்பு முறியாது. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் டொக்டரிடம் கேட்டு, நேரத்தை சஹருக்கும் இரவுக்கும் மாற்றிக்கொள்ளட்டும். நிறுத்த வேண்டாம்.

ஏழைகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேண்டும், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாவிட்டால் வெளியில் வாங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் நாங்கள் கேட்கிறோம்: கண் முகாம் நடத்தி மூக்குக்கண்ணாடி கொடுத்துப் படம் எடுத்துப் போட்டால் கடமை முடிந்ததா? கண்ணாடி நம்பர் பார்ப்பதால் குளுக்கோமா பிடிபடாது. கண் அழுத்தத்தையும் அளக்க வேண்டும், நரம்பையும் பார்க்க வேண்டும். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு பழுதாகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முகாமுக்கு இந்தப் பரிசோதனைகளைச் செய்யக்கூடியவர்களை அழையுங்கள். வசதியற்ற நோயாளியின் மாத மருந்துக்கு ஸகாத் நிதியில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

வீட்டில் ஒருவருக்கு குளுக்கோமா என்றால், அவருடைய பிள்ளைகளும் காக்கா, தம்பி, தாத்தா, தங்கச்சிமாரும் இந்த மாதமே கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். கண் நன்றாகத் தெரியும்போதே போங்கள். மங்கிய பிறகு போனால், மிச்சம் இருப்பதைத்தான் டொக்டரால் காப்பாற்ற முடியும்.

வாசித்தவர்கள் குடும்ப குரூப்புகளில் பகிருங்கள். வாசிக்க முடியாத மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.