ஆரஞ்சு ஸ்பிரிங்கும் ஒன்பது வழிப்போக்கர்களும்

மதிப்பிற்குரிய நியூயார்க் நகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

துப்பாக்கியை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் நடத்த இந்த மடலை எழுதவில்லை. அந்த விதிகளை எழுதியதே உங்கள் துறைதான். உங்கள் காவலர்களின் துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையும் உங்களுக்குப் புதிதல்ல. ஆய்வு செய்யச் சொன்னதே உங்கள் துறை. அதற்குப் பிறகு வழக்குகள் வந்தன, தலையங்கங்கள் வந்தன, அடங்கிப் போயின. தணிந்த குரலில் சொல்லக்கூடிய இடங்களில் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்பதால் இதை நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் ஏன் என்று கேட்கலாம். குவீன்ஸின் ஃபிளஷிங்கில் பிள்ளையார் தேர் தெருவில் இறங்கும் நாளில் தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நெரிசலான ஒரு தெருவில் உங்கள் காவலரின் தோட்டா எங்கே போய்ச் சேரும் என்பது அவர்களுக்கும் உரிய கேள்வி.

ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2012 ஆகஸ்டு 24, வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி வாக்கில். மேற்கு 33-ஆம் தெருவில் முன்னாள் சக ஊழியரைச் சுட்டுக் கொன்ற ஒருவன், எதுவும் நடக்காதவன்போலத் திரும்பி ஐந்தாம் அவென்யூவுக்கு நடந்து வருகிறான். பின்தொடர்ந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவர், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் காவலுக்கு நின்ற இருவரிடம் விவரம் சொல்கிறார். அவர்கள் நெருங்க, அவன் .45 பிஸ்டலை உருவி அவர்களை நோக்கி நீட்டுகிறான். இருவரும் சுடுகிறார்கள்: ஒருவர் ஒன்பது முறை, மற்றவர் ஏழு முறை. பத்தடிக்கும் குறைவான இடைவெளி. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கொலைகாரன் செத்து விழுந்தான். அவனைச் சுற்றி ஒன்பது வழிப்போக்கர்கள் இரத்தக் காயத்தோடு கிடந்தார்கள். மறுநாளே அன்றைய ஆணையர் ரே கெல்லி ஒப்புக்கொண்டார்: ஒன்பது பேர்மீதும் பட்டது காவல்துறைத் தோட்டாக்கள் அல்லது அவற்றின் சிதறல்கள். நடைபாதையில் இருந்த பூத்தொட்டிகளிலும் பிறவற்றிலும் பட்டுத் தெறித்த துண்டுகள் என்ற விளக்கமும் வந்தது. பூத்தொட்டி பாவம், அதற்கு வக்கீல் இல்லை.

அந்த இரு காவலர்களை நான் குறை சொல்லவில்லை. தங்களை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கிக்கு முன்னால் அவர்களுக்கு வேறு வழியில்லை. அதற்கு முன் பணியில் ஒரு முறைகூடச் சுட்டிராதவர்கள் அவர்கள். என் கேள்வி அவர்கள் கையில் துறை கொடுத்திருந்த கருவியைப் பற்றியது. அதற்கு 1986-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 28 அன்று ராக்கவேயில் ஸ்காட் கடெல் என்ற 22 வயதுக் காவலர், தன் ரிவால்வரின் ஆறு தோட்டாக்களும் தீர்ந்து மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரியின் கையில் இருந்தது 9 மி.மீ. பிஸ்டல். ஆறு குண்டு ரிவால்வரின் காலம் முடிந்துவிட்டது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் காவலர்கள் எல்லோருக்கும் பிஸ்டல் தரும் முடிவுக்கு வர 1993 ஆயிற்று. வந்த பிறகும் துறை பயந்தது. கையால் போடும் பாதுகாப்புத் தாழ் இல்லாத, இலகுவான விசை கொண்ட பிஸ்டலை ரிவால்வர் பழகிய விரல்களில் கொடுத்தால் கை தவறி வெடிக்குமே என்ற பயம். எனவே கிளாக் நிறுவனத்திடம் சொல்லி, சாதாரணமாக ஐந்தரைப் பவுண்டு அழுத்தத்தில் இயங்கும் விசையைப் பன்னிரண்டு பவுண்டுக்கு ஏற்றி வாங்கினார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் விரல்நுனி அளவு ஸ்பிரிங் அது. துப்பாக்கிக் கடைகளில் அதற்கு இன்றும் ‘நியூயார்க் டிரிகர்’ என்றுதான் பெயர். ஊர்ப் பெயர் இனிப்புக்கு வந்தால் பெருமை. உங்கள் ஊர்ப் பெயர் ஒரு ஸ்பிரிங்குக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு பவுண்டு என்றால் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. தோட்டா நிரப்பிய கிளாக் 19 பிஸ்டல் ஒரு கிலோகூட வராது. தன் எடையைப் போல ஆறு மடங்கு விசையை ஒற்றை விரலால் இழுக்கும்போது அந்தத் துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும் என்றால், மற்ற விரல்களும் மணிக்கட்டும் அதே அளவு பிடித்து நிறுத்த வேண்டும். பயிற்சித் தளத்தில், மூச்சை அடக்கி, நேரம் எடுத்துச் சுடும்போது இது முடியும். இதயம் காதுக்குள் அடிக்கும்போது முடியாது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே பதினைந்து சென்டிமீட்டர் தூரம். அதில் முனை ஐந்து மில்லிமீட்டர் சாய்ந்தால் மூன்று மீட்டரில் தோட்டா பத்து சென்டிமீட்டர் விலகும், பத்து மீட்டரில் ஓரடிக்கு மேல். பத்தடி தூரத்தில் நிற்கிறவனின் நெஞ்சுக்கும் தோளுக்கு வெளியே உள்ள வெற்றிடத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வெற்றிடம் ஐந்தாம் அவென்யூவில் வெற்றிடமாக இருப்பதில்லை. ராண்ட் அறிக்கை தந்த கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும்: 1998 முதல் 2006 வரை நடந்த துப்பாக்கிச் சண்டைகளில் உங்கள் காவலர்கள் சுட்டவற்றில் குறி தைத்தவை நூற்றுக்குப் பதினெட்டு. எதிராளி திருப்பிச் சுடாதபோது முப்பது. மீதி எங்கே போயின என்று அந்தக் கணக்கு தனியாகச் சொல்வதில்லை. அதைச் சொன்னது 2012.

கடின விசை விபத்தைத் தடுக்கிறது என்பது உங்கள் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். 1993-ல் அந்தப் பயம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிவால்வர் தலைமுறைக்குக் கொடுத்த ஊன்றுகோலை, ரிவால்வரையே பார்த்திராத தலைமுறைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது ஏன்? அது தடுத்ததா என்றும் பார்ப்போம். 2014 நவம்பர் 20 இரவு, புரூக்ளினின் பிங்க் ஹவுசஸ் குடியிருப்பில் விளக்கெரியாத மாடிப்படி. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாத காவலர் துப்பாக்கியை உருவிக்கொண்டு கதவைத் திறக்கிறார். ஒரு தோட்டா வெடித்து, சுவரில் பட்டுத் தெறித்து, ஒரு தளம் கீழே படியிறங்கிக்கொண்டிருந்த ஆயுதமற்ற 28 வயது இளைஞரின் நெஞ்சில் பாய்கிறது. வழக்கில் அந்த விசையின் கனம் பதினொன்றரைப் பவுண்டு என்று சாட்சியம் வந்தது. ஜூரிகள் துப்பாக்கியை வரவழைத்து விசையை அழுத்திப் பார்த்தார்கள். காவலர் திடுக்கிட்டதில் வெடித்தது என்பதே அவர் தரப்பு வாதம். ஆக, குறி பார்த்துச் சுட வேண்டிய நேரத்தில் குறியைக் கெடுக்கும் அளவுக்கு அது கனம். திடுக்கிட்ட விரலைத் தடுத்து நிறுத்தும் அளவுக்குக் கனமில்லை. இந்த ஸ்பிரிங்கால் யாருக்கு என்ன லாபம், ஆணையரே?

இலகு விசை கொண்ட மற்ற நகரங்களிலும்தான் தோட்டாக்கள் தவறுகின்றன என்பீர்கள். உண்மை. விசையை மட்டும் இளக்கிவிட்டால் காவலர்கள் வில்லாளிகள் ஆகிவிடுவார்கள் என்று நானும் நினைக்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை தளத்துக்குப் போய் அசையாத காகிதத்தைச் சுட்டுத் தேர்ச்சி பெற்று வரும் ஒருவரின் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் கூட்டத்துக்கு நடுவில் அது அந்நியமாகத்தான் இருக்கும். என் வாதம் அதுவேதான். விரலைப் பழக்குவதற்குப் பணமும் நேரமும் ஆகும், ஸ்பிரிங் மலிவு. துறை ஸ்பிரிங்கை வாங்கியது. முன்னைவிட மிகக் குறைவாகச் சுடுகிறோம் என்ற பதிலும் உண்டு. 1971-ல் உங்கள் துறை 93 பேரைச் சுட்டுக் கொன்றது. அந்த நிலையிலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. அந்தப் புகழ் சுடுவதைக் கட்டுப்படுத்திய விதிகளுக்கும் அவற்றைக் கடைப்பிடித்த காவலர்களுக்கும் சேரும். ஆனால் குறைவாகச் சுடும் துறையில்தான் ஒரு காவலர் மனிதரை நோக்கி முதல் முறை சுடும் நாள் திடீரென்று, ஆயத்தமில்லாமல் வருகிறது. அதற்குத்தான் பயிற்சி.

ரிவால்வர் காலத்தில் கருவியின் குறையைச் சுமந்தவர் காவலர். கடெல் அதற்குச் சாட்சி. துப்பாக்கியை மாற்றியபோது அந்தச் சுமை போய்விடவில்லை, கைமாறியது. 1993 முதல் அதைச் சுமப்பவர் காபிக் கோப்பையோடு வேலைக்குப் போகிறவர், தெரு முனையில் சிக்னலுக்காக நிற்கிறவர். இந்தக் கைமாற்றத்தில் அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

2024 செப்டம்பர் 15-ஐச் சொல்லாமல் முடிக்க முடியாது. புரூக்ளின் சட்டர் அவென்யூ ரயில் நிலையம். 2.90 டாலர் கட்டணம் கொடுக்காமல் நுழைந்ததில் தொடங்கிய துரத்தல். கத்தி வைத்திருந்தவரிடம் டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவி பலிக்காமல் போக, ஒன்பது தோட்டாக்கள். அவர்மீது பட்டது, உங்கள் காவலர் ஒருவர்மீதே பட்டது, பயணிகள் இருவர்மீது பட்டது, ஒருவருக்குத் தலையில். பன்னிரண்டு ஆண்டுகள், அதே கதை, அதே விளக்கம்: காவலர்கள் விதிப்படி நடந்தார்கள். நடந்திருக்கலாம். விதிப்படி நடந்தும் தன் ஆளையே சுடுகிற நிலை வந்தால் பிழை விதிக்குக் கீழே எங்கோ, கையிலோ கருவியிலோ பயிற்சியிலோ இருக்கிறது.

கேட்பது பெரிதல்ல. இன்று உங்கள் காவலர்களில் எத்தனை பேர் இடுப்பில் பன்னிரண்டு பவுண்டு விசை இருக்கிறது, எத்தனை பேர் இடுப்பில் இல்லை என்று வெளியிடுங்கள். ஒவ்வொரு சம்பவத்திலும் எந்த விசை, எத்தனை தோட்டா, எத்தனை குறியில், எத்தனை வேறெங்கோ என்று உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு பத்தி சேருங்கள். அடுத்த முறை துப்பாக்கியை மாற்றும்போது சுடுகிறவரைப் பழக்கும் செலவை முதலில் எழுதிவிட்டுத் துப்பாக்கியின் விலையைப் பிறகு எழுதுங்கள். இவையெல்லாம் அதிகம் என்று பட்டால் ஒன்றாவது செய்யுங்கள்: ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் பூத்தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நகரத்து நடைபாதையில் நடக்கும் ஒருவர்