பனாட்டுக்குப் பாராட்டு மட்டும் போதுமா?

பனையைக் கற்பகதரு என்று புகழ்ந்து கட்டுரை எழுதாத மாணவி யாழ்ப்பாணத்தில் இல்லை எனலாம். ‘தால விலாசம்’ என்னும் நூல் பனையின் பயன்களை 801 எனக் கணக்கிட்டதையும் நாம் தவறாமல் சேர்த்துவிடுவோம். ஆனால் ஆவணி மாதத்தில் நமது வளவுகளில் விழுகின்ற பனம்பழங்களுக்கு என்ன நேர்கின்றது? மாடு சூப்பியது போக எஞ்சியவை மண்ணிலே கிடந்து புழுக்கின்றன. (தலை வாராமல் பாடசாலைக்குப் புறப்பட்டால் “சூப்பின பனங்கொட்டை” என்று அம்மம்மா ஏசுவதற்காவது அவை பயன்படுகின்றன!) அதே வேளையில், இடைவேளையில் மென்று தின்பதற்கு ரொபியும் ஜெலியும் கடையிலிருந்து வருகின்றன.

சீனி ஒரு சிட்டிகையும் சேராமல், பழத்தையும் வெயிலையும் மட்டும் கொண்டு, நெடுநேரம் மெல்லக்கூடிய இனிப்பொன்றை நம் வீட்டுப் பெண்கள் செய்து வந்தார்கள். அதுவே பனாட்டு. இன்று அதைச் செய்யும் வீடுகள் அருகிவிட்டன. காரணம் கேட்டால், பிள்ளைகளுக்கு அதன் சுவை பிடிப்பதில்லை என்பார் சிலர். போரிலே பனைகள் அழிந்தன என்பார் வேறு சிலர். 2009 வரை நீடித்த போரில் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம் என்பது உண்மையே. ஆயினும் நிற்கின்ற பனைகளின் பழமே வீணாகும்போது அதைத் தனிக் காரணமாக நாம் ஏற்பதற்கில்லை. பனாட்டு மறைவதற்கு வேலைப் பளுவே முதற் காரணம் என்பது நமது கருத்து.

அந்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழத்தைப் பொறுக்கிக் கழுவித் தோலை உரிக்க வேண்டும். சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பு நீக்கிக் களியை வடித்தெடுக்க வேண்டும். பிறகு பந்தரில் விரித்த பனையோலைப் பாயிலே அதை மெல்லியதாகப் பூச வேண்டும். அது காய்ந்த பின்னரே அடுத்த பூச்சு. இப்படிப் பத்துப் பதினைந்து நாட்கள், பூச்சின் மேற் பூச்சாக, பாயிலே பனாட்டுத் தடித்து வரும். பொழுதுபட்டால் பனி படாமல் மூட வேண்டும், விடிந்தால் திறக்க வேண்டும். காகம், கோழி, எறும்பு, ஈ ஆகிய அனைத்துக்கும் காவல் இருக்க வேண்டும். முற்றாகக் காய்ந்ததும் உரித்து, துண்டுகளாக வெட்டி, அடுப்புப் புகை படும் இடத்தில் ஓலைப்பெட்டியில் வைப்பர். சில வீடுகளில் பனம்பாணியில் ஊறவைத்துப் பாணிப் பனாட்டாக்குவர்.

அவசரப்பட்டு ஒரே நாளில் தடிப்பாகப் பூசினால் மேற்புறம் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். மெல்லிய பூச்சிலேதான் ஈரம் முழுவதும் வெளியேறும். பழத்தின் இயற்கைச் சீனி செறிந்து, பூஞ்சணம் வளர நீரில்லாது போகும். விஞ்ஞான பாடத்தில் உணவுப் பாதுகாப்பு என்று நாம் படிப்பதைத்தான், ஐப்பசி மழைக்கு முந்திய வறண்ட சோளகக் காற்றைப் பயன்படுத்தி ஆச்சிமார் செய்தார்கள். வெயில் பழத்தின் கரோட்டினில் ஒரு பகுதியை அழித்துவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும், பழமே கிடைக்காத மாதங்களில் எஞ்சிய பகுதியேனும் கிடைக்கின்றதன்றோ?

இத்தனை வேலையையும் ஒருத்தியின் தலையிலே சுமத்திவிட்டு, “அம்மம்மாவின் கைப்பக்குவமே தனி” என்று புகழ்வது எமக்கு உவப்பானதன்று. வீட்டிலிருந்து பாய்க்குக் காவலிருக்க இன்று யாருக்கு நேரமுண்டு? தாய்மாருட் பலர் உத்தியோகம் பார்க்கின்றனர். “நம் பண்பாட்டை வளர்ப்போம்” என்று மேடையில் முழங்கி, அந்தப் பண்பாட்டை அம்மாவின் தோளில் ஏற்றிவிடுவது நியாயமாகாது. பனாட்டு வேண்டுமென்றால் அதன் வேலையைப் பங்கிட வேண்டும். அண்ணன் தம்பிமாருக்கும் அதில் பங்குண்டு. பழம் பொறுக்குவதோடு அவர்கள் ஓடிவிடலாகாது!

பந்தர் கட்டுமளவுக்கு எவரும் தொடங்க வேண்டியதில்லை. நாலைந்து பழம், ஒரு சுளகின் அளவு ஓலைப்பாய், மேலே மூட ஒரு துண்டு நுளம்பு வலை ஆகியவை போதும். காலையில் ஒருவர் பூச, மாலையில் மற்றவர் மூடட்டும். பழத்தை மட்டும் சுவைத்துப் பார்த்துத் தெரிய வேண்டும். கசப்பு மரத்துக்கு மரம் வேறுபடும். கசந்த பழத்தின் களி ஒரு கை விழுந்தாலும் பாய் முழுவதும் கெடும். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பண்டங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது நன்றே. ஆனால் கடையில் வாங்குகின்றவளுக்கு எந்த வளவின் எந்தப் பனை இனிக்கும் என்பது தெரியப் போவதில்லை. அந்த அறிவு இன்று அம்மம்மாமாரிடமே இருக்கின்றது. வருகின்ற ஆவணியில் அவர்களைக் கைபிடித்து வளவுக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு மரமாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.

களி எடுத்த பின் மிஞ்சும் கொட்டைகளை எறிந்துவிட வேண்டாம். மழைக்கு முன் பாத்தி போட்டுவிட்டால் தைப்பொங்கலை அண்டிக் கிழங்கு கிண்டலாம்.